கட்டை, பலகை, பாதை: கொழும்பிலிருந்து ஐந்து நாள்

முதல் நாள்: கொழும்பு, புத்தளம், வவுனியா

கொழும்பிலிருந்து வடக்கே போகிறவர்களில் பலர் இரவு பஸ்ஸில் ஏறிச் சாவகச்சேரியில் கண் விழிக்கிறவர்கள். வீதியோரம் எழுதியிருப்பது எதுவும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. இந்த ஓட்டம் முழுக்கப் பகலில். பார்க்க எடுத்துக்கொண்டவை மூன்று: பலகையில் என்ன எழுதியிருக்கிறது, ஊர்ச்சனம் அந்த இடத்தை என்ன சொல்லி அழைக்கிறது, வீதி முன்பு எங்கே ஓடியது, இப்போது எங்கே ஓடுகிறது. மூன்றும் ஒத்துப்போகிற இடம் குறைவு. ஒத்துப்போகாத இடத்தில்தான் வழி தவறும்.

புறப்படுமுன் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. டயர்க் காற்றைக் காலையில், வாகனம் ஓடுமுன் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடக் காட்டும். உதிரி டயரில் காற்று இருக்கிறதா என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். ஜக், ஸ்பானர், ஒரு நல்ல டோர்ச், ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லீட்டர் தண்ணீர். சாரதி அனுமதிப் பத்திரம், வருமான அனுமதிப் பத்திரம், காப்புறுதி மூன்றும் கைக்கு எட்டும் இடத்தில். பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990, அதிவேக வீதியில் உதவிக்கு 1969. வாகரைப் பக்கத்திலும் பூநகரிக்குத் தெற்கேயும் தொலைபேசியில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். ஆகவே வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

கொழும்பை விட்டு வெளியேறும் இடத்திலேயே முதல் சோதனை. 2021 நவம்பரில் திறந்த புதிய களனிப் பாலத்தில் துறைமுகம், ஒருகொடவத்தை, கண்டி வீதி, கட்டுநாயக்கா அதிவேக வீதி என்று கிளைகள் பிரிகின்றன. ஏறுமுன்பே சரியான நிரலில் நிற்க வேண்டும். ஏறிய பின் நிரல் மாற நினைப்பவர்களால்தான் அங்கே உரசல் நடக்கிறது. கட்டுநாயக்கா அதிவேக வீதி, அதாவது ஈ-03, 25.8 கிலோமீற்றர். அதை முடித்து நீர்கொழும்பில் ஏ-3 வீதியைப் பிடித்தால் வத்தளை, ஜாஎல நெரிசல் தப்பும்.

ஏ-3 இல் ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டு போவது தனிப் பாடம். ஓர் ஊருக்கு ஒரு பெயர்தான் என்று நினைத்துப் போகிறவரை இந்த வீதி திருத்தும். தமிழில் நீர்கொழும்பு, சிங்களத்தில் மீகமுவ, ஆங்கிலத்தில் நெகம்பு. தமிழில் சிலாபம், சிங்களத்தில் ஹலாவத்த, ஆங்கிலத்தில் சிலோ. ஆங்கிலப் பெயர் தமிழ்ப் பெயரை ஒட்டி ஒலிக்கும், சிங்களப் பெயர் தனியாக நிற்கும். தொலைபேசி வரைபடம் பெரும்பாலும் ஆங்கிலப் பெயரைத்தான் வாசித்துச் சொல்லும், தேநீர்க் கடைக்காரர் சிங்களப் பெயரைச் சொல்வார், வீட்டிலிருந்து வழி சொல்பவர் தமிழ்ப் பெயரைச் சொல்வார். போகும் வழியிலுள்ள பெரிய ஊர்களுக்கு மூன்று பெயரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி முன்னால் ஒட்டிவைப்பது இரண்டு நிமிட வேலை. ஒரு சந்தியில் தடுமாறி நிற்பதை அது மிச்சப்படுத்தும்.

ஊர்மனைக்கு வெளியே காருக்கு மணிக்கு 70 கிலோமீற்றர் எல்லை, ஊர்மனைக்குள் 50. முச்சக்கர வண்டிக்கு எங்கும் 40. எழுபதில் ஓடும் வாகனம் ஒரு விநாடியில் 19 மீற்றருக்கு மேல் கடக்கும். பலகையின் எழுத்து 70 மீற்றர் தூரத்தில் தெளிகிறது என்று வைத்தால், வாசிக்கக் கிடைப்பது மூன்றரை விநாடி. அதற்குள் மூன்று மொழிகளில் நமக்கு வேண்டியதைத் தேட வேண்டும். தெற்கிலும் மேற்கிலும் வழக்கமாகச் சிங்களம் மேலே, தமிழ் நடுவே, ஆங்கிலம் கீழே. தமிழ் மட்டும் வாசிப்பவர் கண்ணை நேரே நடு வரிக்குக் கொண்டுபோகப் பழக வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் ‘கேட்ஸ்’ என்று ஐந்தெழுத்தில் முடிவது தமிழில் ‘ஊர்காவற்றுறை’ என்று நீளும். பலகையின் அகலம் மூன்றுக்கும் ஒன்றுதான் என்பதால் தமிழ் எழுத்தை நெருக்கி ஒடுக்கிவிடுகிறார்கள். ஒடுங்கிய எழுத்தில் ‘ற’வும் ‘ர’வும் தூரத்தில் ஒன்றாகத் தெரியும். தமிழ் வரிக்கு ஆகக் குறைந்தது அதே உயர எழுத்தாவது வேண்டும், இடம் போதாவிட்டால் பலகையை அகட்ட வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. வீதிப் பாதுகாப்புக்கே அது தேவை.

புத்தளத்தில் ஏ-12 தொடங்குகிறது. அநுராதபுரத்துக்கு 75 கிலோமீற்றர் அளவு. நல்ல கார்ப்பெட் வீதி, இரு பக்கமும் காடு, இடைக்கிடை யானைப் படம் போட்ட மஞ்சள் சாய்சதுரப் பலகை. சாய்சதுரம் என்றால் எச்சரிக்கை, சிவப்பு வளைய வட்டம் என்றால் தடை, நீல வட்டம் என்றால் கட்டாயம். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் வடிவம் சொல்லிவிடும். யானைப் பலகையை அலங்காரமாக எண்ணக் கூடாது. பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு இந்தத் துண்டில் வேகம் 40க்குக் கீழே வர வேண்டும். யானையின் தோல் ஒளியைத் திருப்பித் தராது, கண்ணும் உயரத்தில் இருப்பதால் முன்விளக்கில் மினுங்காது. தார் வீதியில் அது ஒரு இருட்டாகத்தான் நிற்கும். கண்டால் ஹோர்ன் அடிக்காமல், விளக்கை மின்னாமல், ஐம்பது மீற்றருக்கு மேல் தள்ளி நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.

கலா ஓயாவைக் கடக்கும் இடத்தில் நிதானம் வேண்டும். ஆவணியில் ஆறு ஒடுங்கிக் கிடக்கிறது, பார்த்தால் பயம் வராது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் இங்கே ஒரு பஸ் பயணிகளோடு அகப்பட்டு, இரவு கடந்த பின்தான் மீட்க முடிந்தது. நீர் வீதிக்கு மேலே ஓடினால் ஆழத்தைக் கண்ணால் அளக்க முடியாது, ஓரக் கல்லும் தெரியாது. முன்னே போன லொறி கடந்துவிட்டது என்பது காருக்கு ஆதாரமாகாது.

அநுராதபுரத்திலிருந்து ரம்பாவைக்கு ஏ-20. அங்கே ஏ-9 இல் ஏறும்போது கிலோமீற்றர்க் கல்லைப் பார்க்க வேண்டும். அதுவரை சின்ன எண்ணாக வந்தது, சந்தி தாண்டியதும் திடீரென மூன்று இலக்கத்துக்குப் போய்விடும். ஏ-9 கண்டியிலிருந்து எண்ணப்படும் வீதி என்பதே காரணம். எண் இப்படிக் குதித்தால் வீதி மாறிவிட்டது என்று அர்த்தம். திசைப் பலகை இல்லாத சந்தியிலும் அடுத்த இரண்டு கல்லைப் பார்த்தால் சரியான வீதியில் இருக்கிறோமா என்பது தெரிந்துவிடும். எண் கூடினால் யாழ்ப்பாணத்தை நோக்கி, குறைந்தால் கண்டியை நோக்கி.

மதவாச்சி தாண்டி வவுனியாவில் இரவுத் தங்கல்.

இரண்டாம் நாள்: கண்டி வீதி

யாழ்ப்பாணத்தில் போய் ‘ஏ-9 எங்கே’ என்று கேட்டாலும் விளங்கும், ஆனால் சனத்தின் வாயில் அது கண்டி வீதிதான். கண்டியிலிருந்து 321 கிலோமீற்றர் வந்து முடிகிற வீதி. 2002 இல் திறந்து, 2006 ஆகஸ்டில் முகமாலையில் மூடி, போர் முடிந்த பின் மறுபடி திறந்த வீதி. அதன் பிறகு அகட்டிக் கார்ப்பெட் போட்டு, பழைய மதகுகளை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். ஓமந்தை தாண்டினால் நேர்கோடாகக் கிடக்கிறது. நேர்கோடுதான் இங்கே ஆபத்து. கண்ணுக்கு வேலை இல்லாமல் வேகம் தானாக ஏறும், குறுக்கே வரும் உழவு இயந்திரத்தின் வேகத்தைத் தூரத்திலிருந்து கணிக்க முடியாது. வேகம் பார்க்கும் பொலிஸார் நிற்பதும் இந்த நேர்த் துண்டுகளில்தான்.

இந்த வீதியில் நின்று கவனிக்க வேண்டியது கட்டை, அதாவது மைல் கல். மைல் போய்க் கிலோமீற்றர் வந்த பிறகும் சனம் கட்டையை விடவில்லை. கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்பது ஓர் ஊர்ப் பெயர் மாதிரியே ஆகிவிட்டது. விபத்துச் செய்தியிலும் கலியாண அழைப்பிதழிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பழைய மைல் கல் இன்று கண்ணில் படாவிட்டாலும் கணக்குப் பிழைக்காது. ஒரு மைல் 1.609 கிலோமீற்றர். 155ஐ அதால் பெருக்கினால் 249.4. கிளிநொச்சியில் 249ஆம் கிலோமீற்றர்க் கல்லைத் தாண்டி அரைக் கிலோமீற்றருக்குள் வந்தால் 155ஆம் கட்டை. ஊர்க்காரர் கட்டை சொன்னால் ஒன்று தசம் ஆறால் பெருக்கி மனக்கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நூறு கட்டைக்கு ஒரு கிலோமீற்றர் அளவுதான் பிசகும்.

கிலோமீற்றர்க் கல்லைவிட நுணுக்கமான அடையாளம் ஒன்று உண்டு, ஓடுகிறவர்கள் கண்டுகொள்வதில்லை. மதகின் கைப்பிடிச் சுவரில், வீதியைப் பார்த்த பக்கத்தில், வெள்ளை அடித்துக் கறுப்பில் பின்னம் மாதிரி ஓர் எண் எழுதியிருக்கும். உதாரணமாக 52/3. ஐம்பத்திரண்டாம் கிலோமீற்றரில் வரும் மூன்றாவது மதகு அல்லது பாலம் என்று பொருள். விபத்து நடந்த இடத்தை அம்புலன்ஸுக்குச் சொல்லவும், வீதி இடிந்ததை அதிகாரிகளுக்கு அறிவிக்கவும் இதைவிடத் துல்லியமான முகவரி கிராமப்புறத்தில் கிடையாது. ‘மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில்’ என்றால் தேடித் திரிய வேண்டும். ‘ஏ-9, இத்தனைக்கு இத்தனை’ என்றால் நேரே வந்துவிடலாம். எண் புல்லுக்குள் மறைந்திருந்தால் காலால் விலக்கிப் பார்க்கலாம், ஆனால் சுவரின் மறுபக்கம் இறங்கக் கூடாது. அங்கே மண் அரித்துப் பள்ளமாக இருக்கும்.

மாங்குளத்தில் கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கு ஏ-34 பிரிகிறது. பரந்தனில் ஏ-35. இரண்டும் முல்லைத்தீவுக்குத்தான் போகின்றன, பலகை இரண்டிலும் அதே ஊர். வடக்கிலிருந்து வருபவருக்குப் பரந்தன், தெற்கிலிருந்து வருபவருக்கு மாங்குளம். இந்த வேறுபாட்டைப் பலகை சொல்லாது.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகிற வாகனம் குறைவு. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, கால் நீட்டிவிட்டு ஏறுவார்கள். வவுனியாவிலிருந்து நிற்காமல் ஓடிய சாரதிக்கு ஓய்வு சரியாக விழுகிற இடம் அது. நிறுத்தும்போது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே முழுவதுமாக ஒதுங்க வேண்டும். பாதி உடம்பு வீதியில் நிற்கும் வாகனங்களுக்கிடையே பிள்ளைகள் திடீரென ஓடி வருவதுதான் அங்கே நடக்கக்கூடிய பெரிய தீங்கு.

வடக்கில் பல பலகைகளில் தமிழ் மேலே வருகிறது. தமிழ் இருக்கிறதா என்பதோடு, சரியாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நாடு முழுவதும் தமிழ்ப் பலகைகளில் வரும் பிழையை உற்றுப் பார்த்தால் அது இரண்டு வகை. ஒன்று எழுத்துப் பிழை: ல, ள, ழ மாறும், ந, ன, ண மாறும். இது கேட்டு எழுதுபவரின் பிழை. மற்றது எழுத்து உடைவது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பது ஓர் எழுத்தல்ல. கொம்பு, க, அரவு என்று மூன்று துண்டாகத் தட்டுவார்கள். வரி நிறைந்து மடங்கினால் கொம்பு மேல் வரியின் முடிவில் தனியாக நிற்கும், ‘கா’ அடுத்த வரியில் தொடங்கும். அதே கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியல். பலகை வெட்டுபவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் இது கண்ணில் படாது. இதற்கு வைத்தியம் எளிது: யூனிகோடில் தட்டச்சுச் செய்து, எழுத்தைக் கோடாக மாற்றி, படமாகக் கொடுப்பது, வெட்டுமுன் ஒரு தமிழ் வாசகர் பார்த்துக் கையெழுத்து வைப்பது. புள்ளி விடுபட்ட ஒரு பெயர் பத்து வருடம் வெயிலில் நிற்கப்போகிறது என்பதை நினைத்தால் அந்தப் பத்து நிமிடம் பெரிதல்ல.

யாழ்ப்பாணத்துச் சந்திப் பெயர்களில் பாதி மரம். முடமாவடி, வேம்படி, இலுப்பையடி. வீதி அகட்டும்போது மரம் போயிருக்கலாம், ‘அடி’ மட்டும் நிற்கும். வழி கேட்கும்போது மரத்தைத் தேடாமல் சந்தியைத் தேட வேண்டும். ஆவணியில் இன்னொரு கவனம்: நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் வாகனத்துக்கு மூடப்படும். தொலைபேசி வரைபடத்துக்கு அது தெரியாமல் நேரே கோயில் வீதிக்குள் கொண்டுபோய்விடும். தடுப்பில் கட்டியிருக்கும் மாற்றுவழித் துணியைத்தான் நம்ப வேண்டும்.

மூன்றாம் நாள்: பாதை இருந்த இடம், ஏ-32

இலங்கைத் தமிழில் ‘பாதை’ என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக் கடல்நீரேரியைக் கடக்கும் மிதவைக்குப் பெயர் பாதை. ‘பாதை வரட்டும்’, ‘பாதை பழுது’ என்பார்கள். இந்தியாவிலிருந்து வருகிற தமிழருக்கு இது விளங்காது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே பாலம் கிடையாது, பாதைதான். அது பழுதானால் யாழ்ப்பாணம் திரும்பி, பண்ணைப் பாலம், வேலணை வழியாகச் சுற்ற வேண்டும். ஆகவே காரைநகர்த் துறைக்கு இறங்குமுன் ஓடுகிறதா என்று சந்தியிலேயே விசாரிப்பது புத்தி. காற்றுக் கடுமையாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். ஏறும்போது வாகனத்தை நிறுத்திக் ஹாண்ட்பிரேக்கை இழுத்து, முதல் கியரில் விட்டு, ஆட்கள் இறங்கி நிற்க வேண்டும்.

ஏ-32 நாவற்குழியில் பிரிந்து தனங்கிளப்பு, கேரதீவு, சங்குப்பிட்டி, பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று மன்னாருக்குப் போகிறது. கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் நடுவே நீரேரி. முன்பு அங்கே ஓடியதும் பாதைதான். போர்க்காலத்தில் அது நின்றுபோனது. 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபோது யாழ் குடாநாட்டுக்கு ஏ-9ஐ விட இன்னொரு தரை வாசல் கிடைத்தது. அதுவரை மன்னாருக்குப் போக வேண்டுமானால் ஆனையிறவு வழியாகத் தெற்கே இறங்கி, வளைந்து வர வேண்டும். பாலத்தில் நின்று பார்த்தால் இரு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர், அதற்குள் வரிசையாகக் கட்டுவலைக் கம்புகள். நிறுத்துவதானால் பாலம் முடிந்து ஓரம் அகன்ற இடத்தில் நிறுத்த வேண்டும்.

ஆவணியில் சோளகக் காற்று ஓயாது. மேற்குப் பக்கமிருந்து வருகிற காற்று இந்தத் திறந்த வெளியில் வாகனத்தின் விலாவில் அடிக்கும். உயரமான வானும் மோட்டார் சைக்கிளும் வேகத்தை 50க்குக் குறைத்து, இரு கையாலும் பிடித்து ஓட்ட வேண்டும். எதிரே பஸ் வந்து கடக்கும் கணத்தில் காற்று மறைபட்டு உடனே திரும்ப அடிக்கும். அந்த இடத்தில்தான் கை தவறும்.

உப்புக் காற்று பலகைகளை என்ன செய்கிறது என்பதை இந்த வீதியில் கிட்ட நின்று பார்க்கலாம். முதலில் போவது பலகை அல்ல, ஆணி. பலகை அலுமினியம், கம்பம் நாகம் பூசிய குழாய். இரண்டையும் பிணைக்கும் ஆணியும் பட்டியும் சாதாரண இரும்பாக இருந்தால் துருப் பிடித்து, ஆணித் தலையிலிருந்து கபில நிறக் கோடு எழுத்தின் மேல் வழிந்திருக்கும். பிறகு பட்டி தளரும். தளர்ந்தால் காற்று பலகையைத் திருப்பும், அம்பு வேறு திசையைக் காட்டும். ஆகையால் அம்பை நம்புமுன் பலகை நமக்கு நேரே முகம் காட்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சரிந்தோ திரும்பியோ நின்றால் அம்புக்கு மதிப்பில்லை. சூரியனை அல்லது கிலோமீற்றர் எண்ணைத்தான் கேட்க வேண்டும்.

இரவில் ஒளிருமா என்று சோதிக்கவும் கருவி வேண்டாம். இருட்டியபின் முப்பது மீற்றர் தள்ளி நின்று டோர்ச்சைக் கண்ணோரம், நெற்றிப்பொட்டுப் பக்கம் பிடித்துப் பலகையில் அடிக்க வேண்டும். ஒளி வந்த திசைக்கே திரும்பும் தாள் அது என்பதால், டோர்ச்சை இடுப்பில் பிடித்தால் நல்ல பலகையும் மங்கலாகத்தான் தெரியும். நல்ல தாள் பளீரென்று எரியும். வெயிலில் வெடித்த தாள் திட்டுத் திட்டாகக் கறுப்பு விழுந்திருக்கும். மஞ்சளைவிடச் சிவப்பு சீக்கிரம் வெளிறும்; தடைப் பலகையின் வளையம் வெளிறிவிட்டால் அது தடை என்றே தெரியாது.

விடத்தல்தீவு தாண்டி, திருக்கேதீஸ்வரத்துத் திருப்பத்தை விட்டு, தள்ளாடிச் சந்தியில் ஏ-14 இல் ஏறலாம். பெற்றோலை யாழ்ப்பாணத்திலேயே நிரப்பிக்கொண்டு வந்தால் நடுவே பதற வேண்டியதில்லை. பின்னேரத்துக்குப் பின் கட்டாக்காலி மாடுகள் தார் வீதியின் சூட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும். கறுப்பு மாடு, கறுத்த தார், விளக்கில்லாத வீதி. இருட்டுமுன் இந்தத் துண்டை முடித்துவிடுவது ஒன்றே வழி.

மன்னாரில் நின்று கொழும்புக்கு வழி கேட்டால் வரைபடம் சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி, எலுவங்குளம் வழியாகப் புத்தளத்துக்கு ஒரு நேர்க்கோடு போட்டு ஆசை காட்டும். அது வில்பத்து தேசிய வனத்துக்குள்ளால் போகிற பழைய வீதி. வழக்கு, தடை என்று ஆண்டுக் கணக்கில் இழுபட்டது. போதாததற்கு எலுவங்குளத்தில் கலா ஓயாவைக் கடப்பது தாழ்ந்த சப்பாத்துப் பாலத்தால். மழைக்கு அது தண்ணீருக்குள் போய்விடும். படத்தில் கோடு இருப்பதை வைத்துக்கொண்டு புறப்படக் கூடாது. முருங்கன், மடுச் சந்தி, பறயனாலங்குளம் வழியாக வவுனியாவுக்கு 80 கிலோமீற்றர் அளவு. ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா நாட்களில் மடுச் சந்தியில் பஸ்கள் வரிசை கட்டும். அந்த வாரம் ஒரு மணி நேரம் கூட வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் நாள்: திருகோணமலை, மட்டக்களப்பு

வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வரை ஏ-29, பிறகு ஏ-12. இங்கேயும் எண் குதிக்கும். ஏ-12 புத்தளத்திலிருந்து எண்ணி வருவதால், முதல் நாள் விட்ட கணக்கு இங்கே தொடர்கிறது.

திருகோணமலையில் கட்டைக்கு வேறு இலக்கணம். கிளிநொச்சியில் கட்டை கண்டியிலிருந்து எண்ணியது. இங்கே நகரத்திலிருந்து எண்ணுகிறார்கள். கண்டி வீதியிலும் ஐந்தாம் கட்டை உண்டு, நிலாவெளி வீதியிலும் உண்டு. ‘பத்தாம் கட்டையில் இறங்குங்கோ’ என்று சொன்னால் எந்த வீதி என்று திருப்பிக் கேட்காமல் புறப்படக் கூடாது. பஸ் நடத்துனரிடம் கட்டை எண்ணோடு வீதிப் பெயரையும் சேர்த்துச் சொன்னால் சரியாக இறக்கிவிடுவார்.

இங்கிருந்து மட்டக்களப்புக்கு ஏ-15. இந்த வீதியைப் போல மாறிய வீதி நாட்டில் குறைவு. கொட்டியாரக் குடாவைச் சுற்றி ஆறும் கழிமுகமும் ஒவ்வொன்றாக வருகின்றன: கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல். ஒரு காலத்தில் இவற்றிலே பாதை ஏறி, இறங்கி, அடுத்த பாதைக்குக் காத்திருந்து போன பயணம். ஒரு துறையில் பாதை அக்கரையில் நின்றுவிட்டால் அதற்குப் பின்னாலுள்ள எல்லாக் கணக்கும் பிழைக்கும். அதனால் பலர் ஹபரணை சுற்றி 200 கிலோமீற்றருக்கு மேல் ஓடினார்கள். 2009 ஒக்டோபர் 20 அன்று கிண்ணியாப் பாலம் திறந்தது. 396 மீற்றர், நாட்டின் மிக நீளமான வீதிப் பாலம் என்று அப்போது பேர் பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்தது. இன்று 130 கிலோமீற்றர் அளவு, மூன்று மணி நேரத்துக்குள். பாலத்துக்குக் கீழே பழைய துறையின் இறங்குதளம் சில இடங்களில் இன்னும் தெரிகிறது; வீதி நேரே தண்ணீருக்குள் போய் முடிகிற மாதிரி. பழைய வீதியைத் தெரிந்துகொள்ள அதுவே நல்ல அடையாளம்.

பாதையின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கிண்ணியாவிலேயே குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டுவதற்காகப் பழையதை அகற்றினார்கள். தற்காலிகமாக ஓடிய மிதப்புப் பாதை 2021 நவம்பர் 23 காலையில் கவிழ்ந்து பள்ளிச் சிறுவர்கள் இறந்தார்கள். பெரிய பாலத்துக்குப் பெயர்க் கல் உண்டு, திறப்பு விழா உண்டு. கட்டும் காலத்தில் சனம் எதால் கடக்கும் என்ற கேள்விக்குத்தான் முதலில் பதில் வேண்டும். தற்காலிகப் பாதையில் ஏறும் யாரும் மூன்றைப் பார்க்க வேண்டும்: எத்தனை பேர் என்று எண்ணி ஏற்றுகிறார்களா, உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று இருக்கிறதா, ஓரத்தில் தடுப்புக் கம்பி இருக்கிறதா. ஒன்று இல்லாவிட்டாலும் சுற்றிப் போக வேண்டும். பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வெருகல் தாண்டிக் கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி, காயான்கேணி. ஆள் நடமாட்டம் குறைவு, கடை குறைவு. உட்கிராம வீதிகள் பல கொங்கிறீட்டாகவும் ஒடுங்கிய கார்ப்பெட்டாகவும் மாறியிருக்கின்றன. அவற்றில் இறங்கும்போது ஓரத்தைக் கவனிக்க வேண்டும். கார்ப்பெட் மேல் மேலாகப் போடும்போது வீதி உயர்ந்து, இரு பக்கமும் கிரவல் நிரப்பாமல் விட்டால் ஒரு சாண் இறக்கம் விழும். எதிரே வாகனம் வந்தால் ஓட்டத்திலேயே ஒதுங்கக் கூடாது. சில்லு இறங்கியபின் சுக்கானை வெட்டி மேலே ஏற்றப் பார்த்தால் டயர் ஓரத்தில் உரசி, திடீரென ஏறி, வாகனம் எதிர்ப் பக்கம் பாயும். நடக்கும் கவிழ்வுகளில் பல இப்படித்தான். நின்று, பிறகு மெதுவாக ஏற்ற வேண்டும்.

ஐந்தாம் நாள்: கொழும்புக்குத் திரும்பல்

ஏ-11 வழியாக ஓட்டமாவடி, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை. மன்னம்பிட்டியில் முன்பு ரயிலும் வாகனமும் ஒரே பாலத்தால் போயின. இப்போது வாகனத்துக்குத் தனிப் பாலம். பழைய இரும்புப் பாலம் பக்கத்திலேயே நிற்கிறது.

சிறுபோக அறுவடை நேரம், வீதியின் ஒரு பாதி நெல். தார்ச் சூட்டுக்கு நெல் சீக்கிரம் காயும் என்பதால் விவசாயிக்கு இதைவிட நல்ல களம் இல்லை. படங்கு விரித்து, நாலு விரல் கனத்தில் பரப்பி, காலால் கோடு கோடாகத் துழாவுகிறார்கள். எல்லைக்குக் கல்லும் பச்சைக் குழையும். பகலில் குழையைக் கண்டதுமே வேகத்தைக் குறைத்து, எதிரே வருபவருக்கு வழி விட்டுத்தான் கடக்க வேண்டும். நெல்லில் சில்லு ஏறினால் அரிசி உடையும், வாகனமும் மணல் மாதிரி வழுக்கும். இரவில் நெல்லை அள்ளிவிட்டுக் கல்லை மறந்துவிடுவது உண்டு. தலையளவு கல் டயரைக் கிழிக்கும். ஒவ்வொரு கமநல நிலையத்துப் பக்கத்திலும் ஒரு நல்ல கொங்கிறீட் களம் இருந்தால் விவசாயிக்கும் சாரதிக்கும் இந்த இடர் வேண்டியதில்லை.

ஹபரணை, மின்னேரியாப் பக்கம் யானைப் பலகைகள் மறுபடி தொடங்குகின்றன. முதல் நாள் சொன்னதே இங்கும். தம்புள்ளையிலிருந்து குருநாகல் வரை ஏ-6 இல் லொறி நெரிசல்; மரக்கறிச் சந்தை வாகனங்கள் அதிகாலையிலும் பின்னேரத்திலும் கூடும். குருநாகலில் மத்திய அதிவேக வீதியில், ஈ-04 இல், ஏறலாம். 2022 ஜனவரியில் திறந்த குருநாகல், மீரிகமைத் துண்டு 41 கிலோமீற்றர் அளவு. மணிக்கு 100 எல்லை. கிராம வீதியில் ஐந்து நாள் ஓடிய கண்ணுக்கு இந்த வேகம் பழக இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். ஏறியவுடன் இடப்பக்க நிரலில் எண்பதில் ஓடி, பிறகு கூட்டுவது நல்லது. நூறில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 28 மீற்றர். முன் வாகனத்துக்கும் நமக்கும் குறைந்தது அறுபது மீற்றர் வேண்டும். மீரிகமையில் இறங்கிப் பஸ்யாலைக்கு வந்து ஏ-1.

கண்டி வீதி என்ற பெயர்ப் பலகை இங்கே மறுபடி வருகிறது. கடவத்தையிலும் கண்டி வீதி, யாழ்ப்பாணத்திலும் கண்டி வீதி, திருகோணமலையிலும் கண்டி வீதி. மூன்றும் வேறு வேறு வீதி. கூரியரில் பார்சல் அனுப்புகிறவர்கள் ‘கண்டி வீதி’ என்று மட்டும் எழுதினால் போதாது. நகரத்தின் பெயரை எழுதி, முடிந்தால் கட்டையையும் சேர்த்து எழுத வேண்டும்.